புழுதியில் விதைத்த நெல்



நெல் வயல் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. முழங்கால் அளவு சேறு, அதில் வரிசை பிடித்து நாற்று நடும் பெண்கள், வரப்போரம் சலசலத்து ஓடும் வாய்க்கால். பள்ளிக்கூடப் பாடநூல்களில் நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் படமும் இதுதான். தஞ்சைத் தரணிக்கு இது பொருந்தும். ஆனால் நெல் விளைகிற பூமியெல்லாம் ஆற்றுப் பாசனம் பெற்ற பூமி அன்று. மழை வருவதற்கு முன்பே காய்ந்த நிலத்தை உழுது, புழுதியிலே விதையை இறைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் சீமைகளும் உண்டு. அந்தப் புழுதி நெல்லுக்கு ஏற்ற விதையை அறிஞர்கள் எப்படித் தேடினார்கள், நெடுநாள் அது ஏன் கைக்கு அகப்படாமலே இருந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். மழை பொய்த்தது, கண்மாய் வறண்டது, கதிர் பதராய்ப் போனது. மாடு விற்று, பாத்திரம் விற்று, கடைசியில் ஊரையும் விட்டார்கள். அதற்குப் பின்னும் ஒப்பந்தக் கூலியாக 1910 வரையிலும், கங்காணி முறையில் 1938 வரையிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர்களில் மழையை நம்பிக் கெட்ட குடியானவர்கள் எத்தனையோ பேர். திருச்சி, சேலம், தஞ்சை, ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களே அதிகம். மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் கங்காணியின் பேச்சை மட்டும் கேட்டுப் புறப்பட்டுவிடவில்லை. மழை இல்லாத வானமும் அவர்களைத் துரத்தியது.

இராமநாதபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூரில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே வடகிழக்குப் பருவக் காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் கண்மாய்கள் வெட்டினார்கள். இராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள். கரையின் நீளத்தை நாரையாலும் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்பது பொருளாம். பெருமை இருக்கட்டும். கண்மாய் நிறைந்த பிறகு நாற்று விட்டு நடலாம் என்று காத்திருந்தால், பயிர் பூக்கும்போது தண்ணீர் தீர்ந்துவிடும். ஆகவே அங்குள்ள குடியானவர் கோடை மழையில் உழுது போட்டு, ஆவணி புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுகிறார். இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடக்கும். முதல் மழையில் முளைத்து, ஒரு மாதத்துக்கு மேல் கம்பு சோளத்தைப்போல் மேட்டுப் பயிராய் வளரும். கார்த்திகையில் கண்மாய் பெருகினால் தண்ணீர் பாய்ச்சி, பிறகு சேற்றுப் பயிராக்குவார்கள். ஒரே பயிர் பாதிக் காலம் புன்செயாகவும் பாதிக் காலம் நன்செயாகவும் இருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஆபத்தும் உண்டு. விதைத்ததில் எறும்பு தின்றதும் குருவி பொறுக்கியதும் போக மீதிதான் முளைக்க வேண்டும். ஒரு தூறல் விழுந்து விதை முளைவிட்ட பின் பத்து நாள் வெயில் அடித்தால் முளை கருகிவிடும். நெல்லோடு சேர்ந்து களையும் முளைக்கும். நடவு வயலில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு சாண் வளர்ந்த நாற்றைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் நடுகிறோம், களை விதை தண்ணீருக்கடியில் மூச்சு முட்டிக் கிடக்கிறது. புழுதி வயலில் நெல்லுக்கும் களைக்கும் ஒரே நாளில் பிறந்தநாள். யார் முதலில் தலை தூக்குகிறார்களோ அவர்களுக்கே நிலம்.

எல்லாவற்றையும்விடக் கொடிய கட்டம் பயிர் பூட்டை வைக்கும் பருவம். இலைப் பருவத்தில் வாடிய நெல் மழை கண்டால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் கதிர் வெளிவந்து பூக்கிற அந்தச் சில நாள்களில் ஈரம் இல்லாவிட்டால் கதிர் உறையை விட்டு முழுதாய் வெளிவராது. வந்த பூவும் கருத்தரிக்காது. பயிர் பார்க்கப் பச்சையாய் நிற்கும், கதிரைக் கசக்கினால் உள்ளே அரிசி இராது. சாவியாய்ப் போயிற்று என்பார்கள். உழைப்பு முழுவதையும் கொட்டிய பிறகு வருகிற நஷ்டம் இது.

இதையெல்லாம் தாங்கும் விதைகள் அந்தச் சீமையில் இருந்தன. நொறுங்கன், குழியடிச்சான், சித்திரைக்கார், நூற்றிப்பத்து என்று பெயர்கள். இவை எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் பிறந்தவை அல்ல. மழை பொய்த்த ஆண்டில் எந்தச் செடி நாலு மணியாவது கொடுத்ததோ, அந்த மணியையே மறு ஆண்டு விதையாக எடுத்து வைத்தார்கள். அப்படிப் பல தலைமுறைகளாகப் பஞ்சமே வடிகட்டிக் கொடுத்த விதைகள் அவை. குறையும் இருந்தது. விளைச்சல் சொற்பம், பயிர் உயரமாக வளர்ந்து சாயும், உரம் போட்டாலும் வைக்கோல்தான் கூடும்.

கோயம்புத்தூரில் 1912 ஆம் ஆண்டில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நெல் வகைகள் புகழ்பெற்றவை. ஆனால் அறிஞர்களின் கவனம் பெரும்பாலும் தண்ணீர் உள்ள வயல் மீதே இருந்தது. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பசித்த நாட்டுக்கு விரைவில் அதிகம் விளைய வேண்டுமென்றால் நல்ல நிலத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். என்றாலும் வானம் பார்த்த பூமியின் முறை வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று என்பது உண்மை.

அதற்குள் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் 1960 இல் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்தோனேசியாவிலிருந்து வந்த பேத்தா என்ற உயரமான நெல்லையும், தைவானின் டீ ஜியோ வூ ஜென் என்ற குள்ள நெல்லையும் அங்கே ஒட்டுச் சேர்த்து 1966 இல் ஐ.ஆர். 8 என்ற குள்ள நெல்லை வெளியிட்டார்கள். நம் நாட்டில் அதற்குப் பாடி ரியா என்று பெயர் சூட்டினார்கள். உரத்தைத் தின்று கொழுத்தாலும் சாயாத தண்டு, இரட்டிப்பு விளைச்சல். ஆசியாவின் பசி அடங்கியதில் இந்தக் குள்ள நெல்லுக்கு உள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் தண்ணீரும் உரமும் உள்ள இடத்தில் ராஜாவாக இருந்த அந்த நெல், புழுதி நிலத்துக்கு வந்ததும் வாடிப்போயிற்று. குள்ள நெல்லின் முளைத்தண்டும் குட்டையாக இருப்பது வழக்கம். சற்று ஆழத்தில் விழுந்த விதை மண்ணைத் துளைத்து மேலே வரத் திணறும். களையோடு போட்டி போட உயரமும் போதாது. பூக்கும் நேரத்து வறட்சியில் பழைய நாட்டு நெல் காணியளவாவது கொடுக்க, புது நெல் ஒன்றுமே கொடுக்காத இடங்களும் உண்டு. குடியானவர் பழைய விதைக்கே திரும்பினார். "படிக்காதவர், புதுமையை ஏற்க மாட்டார்" என்று சிலர் பேசினார்கள். தம் வயலில் கண்ட கணக்கை அவர் சரியாகத்தான் போட்டிருந்தார் என்பதே நம் கருத்து.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பரமக்குடியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுதி நிலத்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. கோ 25, ஏ.டி.டி. 31 என்ற இரண்டையும் ஒட்டுச் சேர்த்து 1985 இல் பி.எம்.கே. 1 என்ற நெல் வெளியாயிற்று. பி.எம்.கே. என்பது பரமக்குடியின் சுருக்கம். 1994 இல் இரண்டாவதும் 2003 இல் மூன்றாவதும் வந்தன. 2009 இல் அண்ணா ஆர் 4 என்ற நெல் வந்தது. 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். நாள் குறைவாக இருப்பது புழுதி நிலத்துக்குப் பெரிய பாதுகாப்பு. மழை ஓய்ந்து கண்மாய் வற்றுவதற்குள் கதிர் முற்றிவிடுகிறது. விதையைப் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பின் மெல்லிய கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு விதைக்கும் பழக்கத்தையும் அறிஞர்கள் பரப்பினார்கள். அப்படிச் செய்த விதை வறட்சியில் சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

நாள் குறைவான நெல், வறட்சியிலிருந்து தப்பி ஓடுகிற நெல். வறட்சி நடுவில் வந்து மறித்துக்கொண்டால் அதை எதிர்த்து நிற்கிற நெல்லும் வேண்டும் அல்லவா? அங்கேதான் அறிஞர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள்.

தடுமாறியதற்குக் காரணம் ஒரு நம்பிக்கை. வறண்ட வயலில் விளைச்சலைப் பார்த்து விதை பொறுக்குவது வீண் வேலை என்று பலரும் எண்ணினார்கள். ஓரிடத்தில் மண் ஆழமாக இருக்கும், ஓரிடத்தில் மேடாக இருக்கும். ஒரு செடி நன்றாக விளைந்தது அதன் பிறவிக் குணத்தாலா, நின்ற இடத்தின் ஈரத்தாலா என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். அதனால் வேரின் நீளம் என்ன, இலை எப்போது சுருளுகிறது என்று ஒவ்வோர் அடையாளமாக அளந்து பார்த்தார்கள். விதை பொறுக்குவது மட்டும் தண்ணீர் நிறைந்த வயலிலேயே நடந்தது. வெயிலில் ஓடப் போகிறவனை நிழலில் உட்காரவைத்துத் தேர்வு நடத்தியது போலாயிற்று.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி நெல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் வேறு வழியை எடுத்தார்கள். ஒரே மாதிரியான நிலத்தைத் தேர்ந்து, பயிர் பூக்கும் தறுவாயில் வேண்டுமென்றே தண்ணீரை வடித்துவிட்டு, மண் வெடிக்கும்வரை காயவிட்டார்கள். அதே நெல் வகைகளைப் பக்கத்தில் தண்ணீர் உள்ள வயலிலும் வளர்த்தார்கள். இரண்டிலும் விளைச்சலையே நேராக நிறுத்துப் பார்த்தார்கள். முறையாகச் செய்தால், வறண்ட வயலின் விளைச்சலும் தாய்ச் செடியிலிருந்து பிள்ளைச் செடிக்கு இறங்கும் குணம்தான் என்பது தெரிந்தது. பழைய நம்பிக்கை ஆட்டங்கண்டது.

அந்த வழியில் பிறந்த நெல்களில் பேர்பெற்றது ஒன்று. இந்தியாவின் சோட்டாநாகபுரிப் பீடபூமி மழையை நம்பிய பூமி. அங்கே இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஹசாரிபாக் என்ற ஊரில் மேட்டுநில நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் பிறந்த விதையை அங்கே பல ஆண்டு சோதித்தார்கள். குடியானவர்களின் நிலத்திலேயே விளைவித்து, அவர்கள் ஆணும் பெண்ணுமாக வந்து பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்ல வைத்தார்கள். 2010 இல் அதற்குச் சகபாகி தான் என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். தான் என்றால் இந்தியில் நெல்; சகபாகி என்றால் பங்கு பெற்றவர். கூடிப் பங்கெடுத்து உண்டாக்கிய நெல் என்று நாம் பொருள் கொள்ளலாம். ஏறக்குறைய 105 நாள் பயிர். புழுதியில் நேரடியாக விதைக்கலாம், நடவும் செய்யலாம். நல்ல மழை பெய்தால் மற்ற நெல்லோடு சமமாக நிற்கும்; வறட்சி வந்தால் ஹெக்டேருக்குச் சுமார் 1 டன் கூடுதலாகக் கொடுக்கும். ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கரில் ஒரு டன் நெல் என்பது ஏழைக் குடும்பத்துக்கு எத்தனை மாதச் சோறு என்று தாய்மார்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 இல் நேபாளமும் வங்காள தேசமும் இதே நெல்லை வேறு பெயர்களில் ஏற்றுக்கொண்டன.

அதே காலத்தில் சுவையான சங்கதி ஒன்று வெளிப்பட்டது. வந்தனா என்பது வறட்சி தாங்கும் இந்திய மேட்டுநில நெல். வே ராரெம் என்பது அவ்வளவு தாங்காத இந்தோனேசிய நெல். இரண்டையும் ஒட்டுச் சேர்த்து, வறட்சியில் காப்பாற்றும் மரபுக்கூறு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். 2007 இல் வெளியான ஆராய்ச்சியில் பெரிய பலன் தருவதாக ஒரு பகுதி அகப்பட்டது. அது வந்தனாவிலிருந்து வந்திருக்கும் என்றுதானே எண்ணுவோம்? இல்லை, வே ராரெமிலிருந்து வந்திருந்தது! தாய் வீட்டில் அடங்கிக் கிடந்த குணம் வந்தனாவோடு சேர்ந்த பிறகே வேலை செய்தது.

குள்ள நெல் ஏன் வறட்சியில் சோர்ந்தது என்ற பழைய கேள்விக்கும் 2015 இல் விடை கிடைத்தது. நெல்லைக் குள்ளமாக்கும் மரபுக்கூறுக்கு மிக அருகிலேயே வறட்சி தாங்கும் மரபுக்கூறு ஒன்று இருக்கிறது. பழைய உயர நெல்களில் உயரமும் வறட்சி தாங்கும் குணமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தவை. அறிஞர்கள் குள்ளத்தைப் பொறுக்கியெடுத்தபோது, தாங்கும் குணமும் தாமறியாமலே கை நழுவிப் போயிற்று. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை வேண்டாமென்று தள்ளியபோது மற்றதும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது போல. ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்து, அந்தப் பிணைப்பு அறுந்த சில செடிகளைக் கண்டுபிடித்தார்கள். குள்ளமாகவும் இருக்கும், வறட்சியும் தாங்கும். இதற்கு 2013 இலேயே இன்னொரு கண்டுபிடிப்பும் துணை வந்திருந்தது. பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல்லான கினாண்டாங் பாத்தோங்கின் வேர், பக்கவாட்டில் படராமல் செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கும். அந்தக் குணத்தை ஜப்பானிய அறிஞர்கள் ஐ.ஆர். 64 என்ற நெல்லுக்கு மாற்றிக் காட்டினார்கள். ஆழத்தில் உள்ள ஈரத்தை அந்த வேர் எட்டிப் பிடித்தது.

இராமநாதபுரத்துப் பழைய விதைகளையும் அறிஞர்கள் மறக்கவில்லை. நூற்றிப்பத்து நெல்லை ஐ.ஆர். 20 உடனும், நொறுங்கனை வேறொரு ஐ.ஆர். நெல்லுடனும் ஒட்டுச் சேர்த்து, வறட்சி தாங்கும் மரபுக்கூறுகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைச் செடிகளைப் பரமக்குடியின் வெயிலிலும் காயவிட்டுப் பார்த்தார்கள். தாது வருஷத்துக்கு முன்பிருந்தே யாரோ ஒரு குடியானவப் பெண் குதிரில் பத்திரப்படுத்திய விதை அறிவியலின் கைக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இத்தனை மழை பெய்யும் மலேசியாவில் புழுதி விதைப்பு எதற்கு என்று கேட்கலாம். கெடாவின் மூடா சமவெளியில் பெடு, மூடா அணைகளைக் கட்டி 1970 இல் இரு போகச் சாகுபடி தொடங்கியது. ஏறக்குறைய 96,000 ஹெக்டேர் நெல் நிலம். 1978 இல் வறட்சியால் அணைகள் வற்றி, அவ்வாண்டின் பாசனப் போகமே கைவிடப்பட்டது. காய்ந்த நிலம் முழுவதையும் சேறாக்குவதற்கே ஏராளமான தண்ணீர் செலவாகிறது. மழை வருமுன் புழுதியில் விதைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் மிச்சம். மலாய் விவசாயிகள் இதைத் தாபூர் கெரிங் என்றார்கள். 1980களில் இம்முறை வேகமாகப் பரவியது.

தண்ணீர் மட்டுமா மிச்சமானது? நடவுக் கூலியும் மிச்சமானது. யாருக்கு மிச்சம் என்பதுதான் கேள்வி. நிலம் உள்ளவருக்கு மிச்சம். நட்டுக் கூலி வாங்கிய ஏழைப் பெண்களுக்கு ஒரு பருவத்து வருமானம் போயிற்று. அறுவடை இயந்திரம் வந்து அறுப்புக் கூலியை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது தோட்டத்தில் ஆள் தேவை குறைந்ததைக் கண்ட நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் விதைத்ததெல்லாம் நடவுக்கென்று உண்டாக்கிய நெல்தான். நேரடி விதைப்புக்கென்றே வளர்த்துத் தேர்ந்த நெல்லை மார்டி என்னும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2001 இல் எம்.ஆர். 219 என்ற பெயரில் கொடுத்தது. தண்டு உறுதியானது, கதிர் கனத்தது. மிகப் பரவலாக விளைந்த நெல் அது. (நம் நாட்டு நெல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1965 இல் இங்கே வெளியான மசூரி நெல்லைத்தான் தமிழ்நாட்டில் பொன்னி என்று பெயரிட்டுக் கொண்டாடினார்கள். ஊரிலிருந்து விருந்தாளி கொண்டுவரும் பொன்னி அரிசி இங்கிருந்து போன பிள்ளை!)

சேற்றில் நாற்று நட்ட காலத்தில் தலைகாட்டாத எதிரி ஒன்று நேரடி விதைப்போடு வந்தது. பாடி ஆங்கின், அதாவது காற்று நெல். 1988 இல் சிலாங்கூர் தஞ்சோங் காராங் பகுதியிலும், 1990 இல் மூடாவிலும் இதைக் கண்டார்கள். பார்க்க நெல்லேதான், இளம்பயிரில் பிரித்தறிய முடியாது. கதிர் முற்றியதும் காற்றடித்தாலே மணி உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும், அடுத்த போகத்தில் விதைத்த நெல்லோடு முளைக்கும். களைக்கொல்லி தெளித்தால் நெல்லும் சாகும், ஏனென்றால் இரண்டும் ஒரே இனம். களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லை 2010 இல் கொண்டுவந்தார்கள். முதலில் நல்ல பலன். பிறகு அதே மருந்தைத் தாங்கும் காற்று நெல்லும் வயல்களில் தோன்றிவிட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வயலில் மறுபடி சேறாக்கி, தண்ணீர் நிறுத்தி, நாற்று நடுங்கள் என்பது இப்போது விவசாயிகளுக்குச் சொல்லப்படும் யோசனைகளுள் ஒன்று. நடுவதற்கு அந்தப் பெண்கள் இப்போது வயலில் இல்லை. நடவு இயந்திரத்தை வாடகைக்குக் கூப்பிடுகிறார்கள்.